யாழ்ப்பாணத்து வீதித் தூசில் பார உலோகங்கள்: அள்ளுவது முதல் கணக்குப் பார்ப்பது வரை

வீதித் தூசில் ஈயம், நாகம் (துத்தநாகம்), செப்பு, கட்மியம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறைகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக்கு வரும்போது அந்த முறைக்குள் சுண்ணாம்பு புகுந்துவிடுகிறது. குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. ஒழுங்கைக்கு மக்கி (பொடிச் சுண்ணக்கல்) கொட்டுகிறோம், மதிலுக்குச் சீமெந்து பூசுகிறோம், கடற்கரை மணலில் சிப்பித்தூள் கிடக்கிறது. இவை எல்லாம் அரைபட்டு வீதியோரத்தில் சேருகின்றன. இந்தச் சுண்ணாம்பு தூசின் உலோகச் செறிவைக் குறைத்துக் காட்டும். அமிலம் ஊற்றினால் பொங்கி மாதிரியை வெளியே தள்ளும். கருவியின் வாசிப்பைக் குழப்பும். வேறு ஊரின் பின்னணி எண்ணை (மாசில்லாத மண்ணில் இயல்பாக உள்ள செறிவை) வைத்துக் கணக்குப் போட்டால் விடையையும் பிழையாக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள், உயர்தர விஞ்ஞானச் செயற்திட்டம் செய்வோர், தங்கள் ஊரைப் பற்றி அறிய விரும்பும் அமைப்புகள் ஆகியோருக்கு இது பயன்படும்.

முதலில் கேள்வியைத் தீர்மானியுங்கள்

"தூசில் உலோகம் இருக்கிறதா?" என்பது கேள்வியே இல்லை. எந்த மண்ணிலும் உலோகம் இருக்கும். பயனுள்ள கேள்விகள் மூன்று. வாகனமும் தொழிலும் எவ்வளவு கூட்டியிருக்கின்றன? அந்தத் தூசு பிள்ளையின் கையிலும் வாயிலும் போனால் எவ்வளவு உள்ளே போகும்? மாரி மழை அதைக் கடல்நீரேரிக்கு எவ்வளவு அடித்துச் செல்லும்?

மூன்றுக்கும் அள்ளும் முறை வேறு. முதலாவதற்குச் செறிவும் உள்ளூர்ப் பின்னணியும் வேண்டும். இரண்டாவதற்கு மிக நுண்ணிய துணிக்கைகளும், வயிற்றமிலத்தில் கரையும் பங்கும் வேண்டும். மூன்றாவதற்குச் சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் தூசு என்ற சுமைக் கணக்கு வேண்டும். அள்ளிய பிறகு யோசித்தால், சுமையை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. எந்தக் கேள்வியாக இருந்தாலும் அளந்த பரப்பிலிருந்தே அள்ளுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை.

எந்த உலோகம் எங்கிருந்து வருகிறது

இது தெரிந்தால்தான் அள்ளும் இடங்களைத் தெரிவுசெய்ய முடியும். நாகத்தின் பெரிய மூலம் ரயர். ரயரின் மேற்றோல் இறப்பரில் நாக ஒட்சைட்டு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருக்கும். நாகம் பூசிய கூரைத் தகரமும் மழைக்குக் கரைந்து கொடுக்கும். கடற்காற்று வீசும் ஊரில் இது கூடுதலாக நடக்கும். செப்பும் அந்திமனியும் பிரேக் கட்டைகளிலிருந்து வருகின்றன. ஆகவே சந்திகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும், அதாவது பிரேக் பிடிக்கும் இடங்களில், நேர்வீதியைவிடக் கூடும். குரோமியமும் நிக்கலும் உருக்குத் தேய்மானம், ஒட்டு வேலை, லேத் பட்டறை ஆகியவற்றிலிருந்து வரும்.

ஈயத்துக்குப் பல வாசல்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஈயம் மக்கிப் போவதில்லை. வீதியோர மண்ணில் பழைய ஈயம் இன்னும் கிடக்கும், காற்றில் எழும்பி மீண்டும் தூசாகும். பழைய எண்ணெய்ப் பெயின்ற், வீதிக்கோடு போடும் சில மஞ்சள் நிறப்பொருள்கள், சில்லுச் சமநிலைக் கட்டி, பற்றரி திருத்துமிடம், மீன்வலையின் ஈயக்குண்டு ஆகியன மற்ற மூலங்கள். குருநகர், பாசையூர்க் கரையோரத்தில் வலைக் குண்டையும் படகுப் பெயின்றையும் கணக்கில் எடுக்காமல் "வாகன ஈயம்" என்று எழுதிவிடக் கூடாது. போர்க்காலத்தில் சன்னங்கள் பாய்ந்த சுவர்களும் காவலரண் இருந்த நிலங்களும் தனி வகை. சன்னத்தின் உள்ளே ஈயமும், அதைக் கடினமாக்கச் சேர்த்த அந்திமனியும், உறையில் செப்பும் நாகமும் உண்டு. அப்படியான நிலத்தை அண்டிய இடத்தை வாகன வகையோடு சேர்க்காதீர்கள்.

கட்மியம் சிறு அளவில்தான் வரும், ஆனால் நச்சுத்தன்மை பெரிது. நாகத்தின் கூடவே கலப்படமாக வரும். பொசுபேற்று உரத்திலும் இருக்கும். தங்க நகைப் பற்றாசில் கட்மியம் கலக்கும் பழக்கம் நகைத்தொழிலில் நெடுங்காலம் இருந்தது. கன்னாதிட்டி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைப்பட்டறை ஒழுங்கைகளில் கட்மியத்தைக் கட்டாயம் பாருங்கள்.

இடங்களைத் தெரிதல்

மாநகர எல்லைக்குள் 30 இடங்கள் ஒரு நல்ல தொடக்கம். அவற்றை வகைக்கு ஐந்தாறாகப் பிரியுங்கள்: சந்திகளும் பஸ் நிலையச் சுற்றும் (சத்திரச் சந்தி, பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்தி போன்றவை), ஆஸ்பத்திரி வீதி, காங்கேசன்துறை வீதி, ஸ்ரான்லி வீதி போன்ற பெரு வீதிகள், கராஜ், ஒட்டுவேலை, நகைப்பட்டறை உள்ள ஒழுங்கைகள், பாடசாலை வாசல்கள், குடியிருப்பு ஒழுங்கைகள், கரையோரம். ஐந்துக்குக் குறைந்தால் வகைகளை ஒப்பிடும் புள்ளிவிபரச் சோதனைக்குப் பலம் இராது.

இடத்தை வீட்டிலிருந்தே வரைபடத்தில் குறித்துவிட்டுப் போங்கள். போன இடத்தில் "இங்கே நல்ல தூசு கிடக்கிறது" என்று கண்ணால் பார்த்துத் தெரிவுசெய்தால் ஊரே அழுக்கு என்ற முடிவுதான் வரும். குறித்த புள்ளியில் தூசில்லை என்றால் அதே பக்கமாக 20 மீற்றர் நகருங்கள், நகர்ந்ததை எழுதுங்கள். புதிதாகக் காபெற் போட்ட வீதி, கட்டட வேலை நடக்கும் இடத்தின் 50 மீற்றர் சுற்று, மணல் லொறி இறக்கிய இடம், குப்பை எரித்த தடம் ஆகியவற்றைத் தவிருங்கள். அவற்றைத்தான் ஆராய்கிறீர்கள் என்றால் தனி வகையாக வையுங்கள்.

வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதியா, மாநகர சபையின் வீதியா என்று பார்த்து முன்கூட்டி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி கையில் இருந்தால், வீதியில் குனிந்து கூட்டுபவரிடம் கேள்வி கேட்க வருவோருக்குக் காட்டலாம்.

எப்போது அள்ளுவது

சோளகக் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களே ஏற்றவை. தொடர்ந்து குறைந்தது 7 நாள் மழையில்லாமல் இருக்க வேண்டும். எல்லா இடத்தையும் மூன்று நான்கு நாளுக்குள் முடியுங்கள். இடையில் மழை பெய்தால் மீதியை அடுத்த உலர் வாரத்துக்குத் தள்ளுங்கள், முன்னதோடு சேர்க்காதீர்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் திருப்பிவிடப்படும். அங்கே அந்த 25 நாளில் அள்ளினால் வழமையான நிலை தெரியாது.

மாநகர சபைத் தொழிலாளர் கூட்டும் வீதிகளில் கடைசியாகக் கூட்டிய நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். தும்புத்தடி பருமணலை நன்றாக எடுக்கும், நுண்தூசைப் பெரும்பாலும் விட்டுவிடும். கூட்டிய வீதியில் தூசு குறைந்திருக்கும், ஆனால் மிஞ்சியதில் செறிவு கூடியிருக்கும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் துப்புரவான வீதி நஞ்சானதாகத் தெரியும்.

கருவிகள்

உலோகம் படாத பொருள்களே வேண்டும்: மென்மையான நைலோன் பெயின்ற் பிரஷ் (4 அங்குலம்), பிளாஸ்ரிக் தூசள்ளி, 1 மீற்றர் சதுரச் சட்டம் (பீவீசீ குழாயில் செய்யலாம்), மூடி அழுத்தும் பொலித்தீன் பைகள், வடிகட்டிய நீர்ப் போத்தல், ஈரம் ஒற்றும் தாள், தூளற்ற நைற்றைல் கையுறை, என்95 முகக்கவசம், ஒளிதெறிக்கும் மேலங்கி. ஈர்க்குமாறு வேண்டாம், நார் உடைந்து மாதிரியில் கலக்கும். மரப்பிடியில் பூசிய வர்ணம் உரியும் பிரஷும் வேண்டாம். அந்த வர்ணத்திலேயே உலோகம் இருக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிரஷ் என்று வைத்தால் மிகப் பாதுகாப்பு. கட்டுப்படியாகாவிட்டால் இடத்துக்கிடம் கழுவி, ஒற்றி, அடுத்த இடத்தின் சட்டத்துக்கு வெளியே பத்துத்தரம் கூட்டிப் பழக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அள்ளும் முறை

போக்குவரத்துக் குறைந்த காலை 6 மணிக்குள் செய்வது உயிருக்கு நல்லது. சட்டத்தின் ஒரு பக்கம் வீதியின் ஓரக்கல்லை ஒட்டியிருக்க வையுங்கள். நடு வீதியில் தூசு நிற்காது. வாய்க்காலுக்குள் கிடப்பது தூசில்லை, அது சேறு. அதை எடுக்காதீர்கள்.

பீடித்துண்டு, இலை, பெரிய கல்லைக் கையால் எடுத்து எறியுங்கள். பிறகு மெதுவாக, நீளவாக்கில் மூன்று தரம், குறுக்குவாக்கில் மூன்று தரம் கூட்டுங்கள். வேகமாகக் கூட்டினால் நுண்தூசு எழும்பிப் போய்விடும். நாம் தேடும் உலோகத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. காற்று அடித்தால் காற்று வரும் பக்கம் ஒருவர் அட்டை பிடிக்க வேண்டும். பழைய தார் வீதியின் சல்லி இடுக்குகளில் நுண்தூசு ஒளிந்திருக்கும், காபெற் வீதியில் அப்படி இல்லை. எனவே வீதியின் மேற்பரப்பு வகையையும் எழுதுங்கள். கையில் பிடிக்கும் சிறு தூசுறிஞ்சி இருந்தால் பழைய தார் வீதிக்கு அதுவே சிறந்தது. ஆனால் ஒரு ஆய்வில் பிரஷையும் உறிஞ்சியையும் கலக்கக் கூடாது.

ஒரு இடத்துக்கு, 50 மீற்றர் நீளத்தில், 4 சட்டங்கள். நான்கையும் ஒரே பையில் சேர்த்தால் 4 சதுர மீற்றரின் கூட்டு மாதிரி. மொத்தம் 200 கிராமாவது வேண்டும். நம் தூசு மணற்பாங்கானது, அரித்தபின் நுண்பகுதி அதில் சிறு பங்குதான் தேறும். போதாவிட்டால் சட்டங்களைக் கூட்டுங்கள், எண்ணிக்கையை எழுதுங்கள். பத்து இடத்துக்கு ஒன்றில், பக்கத்திலேயே இன்னொரு நான்கு சட்டம் எடுத்து இரட்டை மாதிரி ஆக்குங்கள். இடத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்று அதுதான் சொல்லும்.

பையின் வெளியே அழியாத மையிலும், உள்ளே இன்னொரு சிறு பையில் வைத்த துண்டிலும் பெயரிடுங்கள். கசங்கிய பையின் மை அழிவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து. குறிப்பேட்டில் ஆள்கூறு, நேரம், மேற்பரப்பு, கடைசி மழை, அருகிலுள்ள தொழில், 10 நிமிடத்தில் போன பஸ், லொறி, ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எண்ணிக்கை ஆகியன இருக்க வேண்டும்.

உலர்த்தலும் அரித்தலும்

வந்தவுடன் முழுப் பையையும் நிறுத்து எழுதுங்கள். சுத்தமான தாளில் பரப்பி நிழலில் காயவிடுங்கள், அல்லது உலர்த்தும் அடுப்பில் 40 பாகை செல்சியஸில் இரண்டு நாள் வையுங்கள். வேகம் வேண்டி 105 பாகையில் வைத்தால் பாதரசம் ஆவியாகிப் போகலாம். கடற்கரைத் தூசில் உப்பு இருப்பதால் மாரிக் காலத்தில் அது மீண்டும் ஈரம் இழுக்கும். காய்ந்ததும் உலர்பெட்டியில் வையுங்கள்.

முதலில் 2 மில்லிமீற்றர் அரிதட்டு, பிறகு 63 மைக்குரோமீற்றர். இரண்டும் நைலோன் வலையாக இருக்க வேண்டும். பித்தளை அரிதட்டு செப்பையும் நாகத்தையும் கொடுத்துவிடும். துருப்பிடிக்கா உருக்கு அரிதட்டு குரோமியமும் நிக்கலும் சேர்க்கும். ஆய்வுகூடத்தில் கிடப்பவை பெரும்பாலும் இந்த இரண்டுந்தான் என்பதால் முன்பே பார்த்து வையுங்கள். சுத்தமான படிக மணலை அரித்து, அதையும் ஒரு மாதிரியாக அமிலத்தில் கரைத்துப் பார்த்தால் அரிதட்டு எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏன் 63? அதற்குக் குறைந்த துணிக்கைதான் காற்றில் மிதக்கும், கையில் ஒட்டும். இன்னொரு காரணம் கணக்கில் தெரியும். 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரேயொரு ஈய மணி ஏறத்தாழ 47 மைக்குரோகிராம் நிறை. அது 0.5 கிராம் மாதிரியில் அகப்பட்டால், கிலோவுக்கு 95 மில்லிகிராம் ஈயத்தை அது ஒன்றே கூட்டிவிடும். அடுத்த 0.5 கிராமில் அது இராது. இரண்டு வாசிப்பும் பொருந்தாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். 63 மைக்குரோமீற்றர் வலையைத் தாண்டும் மணி 2 அல்லது 3 மில்லிகிராமுக்கு மேல் மாற்றாது. குழந்தைகளின் ஈய ஆபத்துக்காக மட்டும் என்றால், அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் பரிந்துரைக்கும் 150 மைக்குரோமீற்றரையும் எடுக்கலாம். எதை எடுத்தாலும் எல்லா இடத்துக்கும் அதையே எடுங்கள், அறிக்கையில் சொல்லுங்கள்.

ஒவ்வொரு அரிதட்டுப் பகுதியின் நிறையையும் எழுதுங்கள். பின்வரும் எண்கள் கணக்கை விளக்க எடுத்தவை. கூட்டாத வீதியில் 4 சதுர மீற்றரில் 320 கிராம், நுண்பகுதி 12%. அப்படியானால் சதுர மீற்றருக்கு 9.6 கிராம். அதில் நாகம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், சுமை 3.8 மில்லிகிராம். கூட்டிய வீதியில் 60 கிராம், நுண்பகுதி 30%, நாகம் 700. சதுர மீற்றருக்கு 4.5 கிராம், சுமை 3.2 மில்லிகிராம். செறிவில் இரண்டாவது வீதி மோசம், சுமையில் முதலாவது. மழைநீரின் தரத்தைப் பற்றிப் பேசுபவர் சுமையைத்தான் பார்க்க வேண்டும்.

பகுதி எடுக்கும்போது கரண்டியால் மேலே அள்ளாதீர்கள். கூம்பாகக் குவித்து, தட்டி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கால்களைச் சேர்க்கும் பழைய முறையே போதும்.

சுண்ணாம்பை அளத்தல்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் விடக் கூடாது. நிறுத்த மூசையில் ஒரு கிராம் நுண்தூசை 105 பாகையில் நிலைநிறை வரும்வரை காயவிட்டு, 550 பாகை உலையில் 4 மணி நேரம், ஆறவிட்டு நிறுத்து, 950 பாகையில் 2 மணி நேரம், மீண்டும் நிறுங்கள். முதல் இழப்பு சேதனப்பொருள். இரண்டாவது இழப்பு காபனீரொட்சைட்டு. அதை 2.27ஆல் பெருக்கினால் கல்சியம் காபனேற்று. உலர்பெட்டியில் ஆறவிடாமல் சூட்டோடு நிறுத்தால் எண் ஆடும். கடற்கரை மாதிரியில் உயர் வெப்பத்தில் உப்பும் கொஞ்சம் ஆவியாகும். அங்கே மட்டும், முதலே நீரில் கழுவிக் காயவைத்த பகுதியைப் பயன்படுத்துங்கள்.

பயன் இதுதான். ஈயம் கிலோவுக்கு 60 மில்லிகிராம், சுண்ணாம்பு 45% என்றால், சுண்ணாம்பை நீக்கிய பகுதியில் ஈயம் 60 ÷ 0.55, அதாவது 109. பக்கத்து ஒழுங்கையில் ஈயம் 80, சுண்ணாம்பு 10% என்றால் அது 89. மூலத்தைத் தேடும்போது இந்தத் திருத்திய எண்ணை ஒப்பிட வேண்டும். மக்கி போட்ட ஒழுங்கை துப்புரவாகத் தெரிவது பலசமயம் இந்த ஐதாக்கலால்தான். ஆனால் பிள்ளை விழுங்குவது சுண்ணாம்போடு சேர்ந்த தூசை. உடல்நலக் கணக்குக்குத் திருத்தாத எண்ணையே போடுங்கள்.

அமிலத்தில் கரைத்தல்

நுண்ணலைச் செரிப்பானில் 0.5 கிராம் தூசுக்கு 9 மில்லிலீற்றர் செறிந்த நைத்திரிக்கமிலமும் 3 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக்கமிலமும். ஐந்தரை நிமிடத்தில் 175 பாகைக்கு ஏறி, நாலரை நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஐதரோகுளோரிக்கமிலம் 3 பங்கு, நைத்திரிக்கமிலம் 1 பங்கு சேர்ந்த அரசநீரில், மூடிய முகவையில், 95 பாகைச் சூட்டுத்தட்டில் இரண்டு மணி நேரம்.

இங்கேதான் பொங்குதல். 0.5 கிராம் தூசில் பாதி சுண்ணாம்பு என்றால், 60 மில்லிலீற்றர் அளவு காபனீரொட்சைட்டு சில நொடியில் வெளியேறும். அமிலத்தை ஒரே வாரியாக ஊற்றினால் நுரை விளிம்புக்கு ஏறி மாதிரியைக் கொண்டுபோய்விடும். மூடிய பாத்திரமாக இருந்தால் அமுக்கம் ஏறிப் பாதுகாப்பு வால்வு திறக்கும், ஆவியாகும் பகுதியும் போகும். செய்ய வேண்டியது: புகைபோக்கிக் கூண்டுக்குள், ஒரு மில்லிலீற்றர் நீரில் தூசை நனைத்து, நைத்திரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு தடவையும் நுரை அடங்கும்வரை காத்திருங்கள். முழுதும் அடங்கியபின் மூடி திறந்தபடி அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு மூடுங்கள். பொங்கி வழிந்த பாத்திரத்தை "கொஞ்சந்தான் போனது" என்று தொடராதீர்கள், புதிதாக நிறுங்கள்.

முழுக் கரைப்புக்கு ஐதரோபுளோரிக்கமிலம் என்று சில நூல்களில் இருக்கும். சுண்ணாம்புத் தூசுக்கு அது பொருந்தாது. கல்சியம் புளோரைட்டு வீழ்படிவாகி உலோகத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் போகும். அந்த அமிலம் தோலில் பட்டால் எலும்புவரை செல்லும் என்பதால் பயிற்சியில்லாதவர் தொடவே கூடாது.

ஆறியதும் வட்மன் 42 தாளில் வடித்து 50 மில்லிலீற்றருக்கு நிரப்புங்கள். கண்ணாடிப் பாத்திரங்கள் எல்லாம் முதல்நாள் இரவே 10% நைத்திரிக்கமிலத்தில் ஊறியிருக்க வேண்டும். அடியில் மிஞ்சும் வெள்ளை மணல் படிகம். அது கரையாது, பயப்பட வேண்டாம்.

கருவியில் வாசித்தல்

சுவாலையில் வாசிக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் ஈயத்துக்கு 217.0 நானோமீற்றரை விட்டு 283.3ஐ எடுங்கள். உணர்திறன் சற்றுக் குறைவு, ஆனால் பின்னணி இரைச்சல் வெகு குறைவு. தியூத்தேரியம் பின்னணித் திருத்தத்தைப் போட மறக்காதீர்கள். கல்சியம் நிறைந்த கரைசலில் அது இல்லாமல் ஈயமும் கட்மியமும் கூடிக் காட்டும். நியமக் கரைசலிலும் (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) லீற்றருக்கு 1 முதல் 2 கிராம் கல்சியம் சேர்த்து மாதிரியைப் போலவே ஆக்குங்கள். அதன்பிறகும் சந்தேகம் என்றால் இரண்டு மாதிரிக்கு நியமச் சேர்ப்பு முறை (மாதிரியிலேயே தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்து வாசித்தல்) செய்து சாய்வை ஒப்பிடுங்கள்.

கணக்கு எளிது. வாசிப்பு லீற்றருக்கு 0.85 மில்லிகிராம் என்றால், 0.85 × 50 ÷ 0.5 = கிலோவுக்கு 85 மில்லிகிராம். அதாவது வாசிப்பு நூறு மடங்காகிறது. இதனால்தான் சுவாலை முறை கட்மியத்துக்கு உதவாது. லீற்றருக்கு 0.01க்குக் கீழே அது நம்பத்தக்கதாக வாசிக்காது, அது தூசில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். கட்மியம் பலசமயம் அதற்கும் கீழேதான் இருக்கும். சுவாலைக்குப் பதில் கிராபைட் உலை வேண்டும், அல்லது ஐசிபி-எம்எஸ் (அணுக்களை மின்னேற்றி நிறைப்படி பிரித்து எண்ணும் கருவி). வாசிக்க முடியாததைப் பூச்சியம் என்று எழுதாமல் "கண்டறி எல்லைக்குக் கீழே" என்று எல்லையோடு எழுதுங்கள்.

ஐசிபி-எம்எஸ்ஸுக்கு இன்னும் பத்து மடங்கு ஐதாக்குங்கள். சுண்ணாம்பு அங்கேயும் விடாது: கல்சியமும் ஒட்சிசனும் சேர்ந்து நிக்கல் 60 போலத் தெரியும், ஆகனும் குளோரினும் சேர்ந்து ஆசனிக் 75 போலத் தெரியும். இந்தப் போலிகளை விலக்கும் ஈலியம் மோதற்கலம் இயங்க வேண்டும். கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிரால் மூலகங்களை அளக்கும் கருவி), இடங்களைத் தெரிவுசெய்ய, ஈயம், நாகம், செப்பை விரைவாகக் காட்டும், கட்மியத்துக்கு அதை நம்பாதீர்கள்.

கருவி இல்லாதவர்கள் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் கட்டணத்துக்குச் செய்விக்கலாம். அனுப்பு முன் நான்கைக் கேளுங்கள்: எந்த அமிலம், கண்டறி எல்லை என்ன, வெற்று மாதிரியின் (தூசில்லாமல் அமிலம் மட்டும்) வாசிப்புத் தருவார்களா, சான்றுபெற்ற மாதிரி (உலோக அளவு முன்பே உறுதிசெய்யப்பட்டது) ஓட்டுவார்களா.

தரக்கட்டுப்பாடு

இருபது மாதிரிக்கு இரண்டு வெற்று மாதிரி, இரண்டு இரட்டை, ஒரு சான்றுபெற்ற மாதிரி. அமெரிக்க நியம நிறுவனமான நிஸ்ற் விற்கும் 2711ஏ என்ற சான்றுபெற்ற மண்ணில் ஈயம் கிலோவுக்கு 1400 மில்லிகிராம், கட்மியம் 54.1. அதில் 80 முதல் 120% மீண்டால் சரி. குரோமியம் மட்டும் குறைவாக மீளும். குரோமைற்றுக் கனியம் அரசநீரில் கரையாது, அது உங்கள் கைப்பிழை இல்லை. வெற்று மாதிரியில் நாகம் கூடினால் முதலில் கையுறையைப் பாருங்கள். இறப்பர்க் கையுறையின் தூளில் நாகம் உண்டு. நைற்றைல் தூளற்றதற்கு மாறுங்கள்.

பின்னணியும் சுட்டிகளும்

பெரும்பாலான கட்டுரைகள் கண்டப் புவியோட்டின் மேற்பகுதிச் சராசரியைப் பின்னணியாக எடுக்கின்றன (கிலோவுக்கு மில்லிகிராமில்): நாகம் 67, செப்பு 28, ஈயம் 17, கட்மியம் 0.09. சுண்ணக்கல்லில் இவை பொதுவாகக் குறைவு, செம்பாட்டு மண்ணில் வேறு. புவியோட்டு எண்ணை யாழ்ப்பாணத்துக்குப் போடுவது மாசைக் குறைத்துக் காட்டும் சுருக்குவழி.

மாசின் அளவைக் காட்டும் முல்லரின் 1969ஆம் ஆண்டுச் சுட்டியில், மாதிரியின் செறிவைப் பின்னணியின் ஒன்றரை மடங்கால் வகுத்து, அடி 2 மடக்கை எடுப்போம். நாகம் 200 என்று வையுங்கள். புவியோட்டுப் பின்னணியில் சுட்டி 0.99, "மாசில்லை முதல் நடுத்தரம்". உள்ளூர்ப் பின்னணி 30 என்று கண்டால் அதே மாதிரிக்கு 2.15, "நடுத்தரம் முதல் கடுமை". மாதிரி மாறவில்லை.

உள்ளூர்ப் பின்னணிக்கு வீதியிலிருந்து 200 மீற்றராவது தள்ளி, ஒரு மீற்றர் ஆழத்திலிருந்து, ஐந்து இடத்திலாவது எடுங்கள். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் கிணறோ மலசலகூடக் குழியோ வெட்டும்போது கேட்டால் தருவார்கள். தோட்ட நிலத்தின் மேல்மண் கூடாது. உரத்தின் கட்மியமும் பூசணநாசினியின் செப்பும் அதில் ஏறியிருக்கும். நகரின் மணற்பாங்கான கரையோரத்துக்குத் தனிப் பின்னணி வேண்டும். வீதிக்கு வன்னியிலிருந்து வந்த கருங்கல் சல்லியும் கிறவலும் தூசில் கலப்பதால், அவற்றிலும் ஒவ்வொன்று கரைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் தூசைக் கரைத்த அதே முறையில் கரைக்க வேண்டும்.

செறிவூட்டல் காரணியில் (உலோகத்துக்கும் ஒரு ஒப்பீட்டு மூலகத்துக்கும் மாதிரியில் உள்ள விகிதத்தைப் பின்னணியின் அதே விகிதத்தால் வகுத்த எண்) ஒப்பீட்டு மூலகமாக இரும்பை எடுக்காதீர்கள். செம்பாட்டு மண்ணில் இரும்பு மிகுதி, வாகனமும் இரும்பு கொட்டும். அலுமினியம் மேல். எக்ஸ்ஆர்எஃப் இருந்தால் தைத்தேனியம் இன்னும் மேல். சராசரியைவிட இடையத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எழுதுங்கள். ஒரு கராஜ் வாசல் முழுச் சராசரியையும் இழுத்துவிடும்.

ஈயமும் பிள்ளைகளும்

வழமைக் கணக்கில் பிள்ளை நாளுக்கு 200 மில்லிகிராம் தூசு விழுங்கும், 15 கிலோ எடை என்று கொள்வர். தூசில் ஈயம் 100 என்றால் நாளுக்கு 20 மைக்குரோகிராம், எடை கிலோவுக்கு 1.33. இதை 3.5ஆல் வகுத்து 0.38 என்று கண்டு, "ஒன்றுக்குக் குறைவு, ஆபத்தில்லை" என்று எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அப்படி எழுதாதீர்கள். அந்த 3.5, உடல் எடை கிலோவுக்கு வாரத்துக்கு 25 மைக்குரோகிராம் என்ற பழைய ஏற்பளவிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு அதை 2010இலேயே விலக்கிக்கொண்டது. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. அமெரிக்காவும் குடியிருப்பு மண்ணுக்கான வழிகாட்டி அளவை 2024 ஜனவரியில் 400இலிருந்து 200ஆகக் குறைத்தது. ஈயத்துக்கு 20 மைக்குரோகிராம் என்ற உள்ளெடுப்பையே நேராக எழுதுங்கள், வகுத்து ஆறுதல் தேடாதீர்கள்.

நம் மண் காரத்தன்மையானது என்பதால் ஈயமும் நாகமும் காபனேற்றாகப் பிடிபட்டு, கிணற்றுக்கு மெதுவாகவே இறங்கும். அதே காபனேற்று வயிற்றமிலத்தில் உடனே கரையும். இதை அளக்க, ஒரு கிராம் தூசை லீற்றருக்கு 0.4 மோல் கிளைசீன் கரைசல் 100 மில்லிலீற்றரில், பிஎச் 1.5, 37 பாகையில், ஒரு மணி நேரம் சுழற்றுங்கள். சுண்ணாம்பு மிகுந்த மாதிரியில் பிஎச் ஏறிவிடும். முடிவில் அளந்து, 1.5இலிருந்து 0.5க்கு மேல் ஏறியிருந்தால், ஐதரோகுளோரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டு 1.5இல் நிறுத்தியபடி மீண்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் கரையும் பங்கு பொய்யாகக் குறையும்.

முடிவு வந்த பின்

இடத்துக்குரியவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். பாடசாலை வாசலில் கூடியிருந்தால் அதிபருக்கு எண்ணோடு செய்யக்கூடியதையும் கொடுங்கள்: வாசலைத் தண்ணீர் தெளித்துக் கூட்டுதல், வகுப்பறையை ஈரத்துணியால் துடைத்தல், சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், புழுதிபடும் ஓரத்தில் நிழல்மரமோ உயிர்வேலியோ வைத்தல். வீடுகளுக்கு: செருப்பை வாசலிலேயே கழற்றுதல், தவழும் பிள்ளையிருக்கும் தரையை உலர்வாகக் கூட்டாமல் ஈரமாகத் துடைத்தல், ஒடியல், மிளகாய், நெல்லை வீதியோரத்தில் காயப்போடாமல் உள்முற்றத்துக்கு மாற்றுதல். பற்றரி திருத்துபவரும் நகைப்பட்டறைக்காரரும் வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்காதிருத்தல் இவற்றில் மிக முக்கியமானது. அவர்களைக் குற்றவாளியாக்கும் தொனியில் சொன்னால் அடுத்தமுறை வாசலில் விடமாட்டார்கள்.

மிஞ்சிய நுண்தூசில் 5 கிராமையாவது மூடிய போத்தலில், இருட்டில், பெயரோடு வைத்திருங்கள். ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்ததும் அதே 30 இடத்தில் பத்தையேனும் மறுபடி அள்ளி, ஆரியகுளத்துக்கும் புல்லுக்குளத்துக்கும் நீர் இறங்கும் வாயில்களில் மேல் 2 சென்ரிமீற்றர் சேற்றையும் எடுத்து, அதே வலையில் அரித்து, அதே அமிலத்தில் கரையுங்கள். ஆடியில் வீதியில் கிடந்த சுமையில் எது எங்கே போயிற்று என்பதை அந்த இரண்டு தொகுதியையும் பக்கத்தில் வைத்தால் பார்க்கலாம்.